ஏரிக்கரை டூ கடற்கரை: முதல் சர்ஃப் போர்டு வாங்கப் போறீங்களா?

உத்திரமேரூர் பக்கத்து ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு சோகச் செய்தி. நம்ம மாவட்டத்துக்குக் கடல் கிடையாது! முன்னாடி இருந்தது. மாமல்லபுரம், கோவளம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம்னுதான் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. 2019 நவம்பர் 29-ம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிஞ்சப்போ, மொத்தக் கடற்கரையையும் கையோடு கொண்டு போயிட்டாங்க. நமக்கு மிச்சம் ஏரி, கிணறு, மழை வந்தா பாலாறு, செய்யாறு.

அதனால என்ன? செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம்னு பஸ் மாறிப் போனா அறுபது கிலோமீட்டர் சொச்சத்துல மாமல்லபுரம். அங்கே காலை வேளையில் கடலைப் பார்த்து நின்னா, உங்க வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் பலகை மேல ஏறி அலையைச் சவாரி பண்ணிட்டு இருப்பாங்க. ரெண்டு தடவை வேடிக்கை பார்ப்பீங்க. மூணாவது தடவை மனசுக்குள்ள ஒரு குரல் கேட்கும்... ‘நாமளும் ஒரு போர்டு வாங்கினா என்ன?’

வாங்கலாம். தாராளமா வாங்கலாம். ஆனா எப்போ வாங்கணும், எதை வாங்கணும், யார்கிட்ட வாங்கணும்... இந்த மூணும் தெரியாம வாங்கினா, ஆசை ஆசையா வாங்கின போர்டு பரண் மேல ஏறிடும். அதைவிட மோசம், உங்க மூக்கை உடைக்கும்.

இது ஒண்ணும் அமெரிக்கச் சமாச்சாரம் இல்லை!

‘சர்ஃபிங்கா? அது ஹவாய் பார்ட்டிகளோட விளையாட்டாச்சே!’ன்னு உங்க மாமா யாராவது சொல்லுவார். பலகை மேல நின்னு ஆடுற கலை ஹவாயில் வளர்ந்தது உண்மைதான். ஆனா, மரத்துண்டு மேல ஏறி அலையைத் தாண்டுறது நம்ம மீனவர்களுக்குப் பரம்பரை வேலை. உலகமே ‘கேட்டமரான்’னு சொல்ற வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதானே!

கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவனின் கதையும் அங்கேதான் தொடங்குது. சின்ன வயசுல கிடைச்ச பலகையை வெச்சு அலையில விளையாடியவர். பிறகு நிஜமான சர்ஃப் போர்டு கைக்கு வந்தது. யோத்தம் அகம், அருண் வாசு ஆகியோரின் துணையோடு 2012-ல் ‘கோவ்லாங் பாயின்ட்’ சர்ஃப் ஸ்கூல் உருவாச்சு. குப்பத்துப் பசங்களுக்கு அவர் போட்ட முக்கியமான கண்டிஷன், சிகரெட், குடி பக்கம் போகக் கூடாது. அப்படி வளர்ந்த பசங்கதான் இன்னைக்கு அங்கே டீச்சர்கள்.

மாமல்லபுரத்துல கமலி மூர்த்தி இருக்கார். இந்தச் சின்னப் பெண்ணையும் அவர் அம்மாவையும் பற்றி எடுத்த ‘கமலி’ங்கிற குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை ஆச்சு. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் போட்டியே மாமல்லபுரத்துல நடந்தது. அதுல ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இனி மாமா ஏதாவது சொன்னா இதையெல்லாம் எடுத்து விடுங்க!

கடைக்காரர் ‘வேண்டாம்’னு சொன்னா சந்தோஷப்படுங்க

நம்ம ஊர்ல சர்ஃப் கடைன்னா கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்ட ஷோரூமைக் கற்பனை பண்ணாதீங்க. பெரும்பாலும் சர்ஃப் ஸ்கூல்தான் கடை. கீத்துக் கொட்டகையோ சின்னக் கட்டடமோ, சுவர்ல வரிசையாச் சாய்ச்சு வெச்ச போர்டுகள், கொடியில காயுற டீஷர்ட்டுகள், வாசல்ல மணல் ஒட்டின செருப்புகள். சொல்லிக் கொடுக்கிற அண்ணாதான் வாடகைக்கும் கொடுப்பார், பழைய போர்டை விற்பார், உடைஞ்சதை ஒட்டுவார். இந்த விஷயத்துல நாம ஒண்ணும் குறைஞ்சு போயிடலை. 1952-ல் சான்ஃபிரான்சிஸ்கோவுல ஜாக் ஓ’நீல் தன் சர்ஃப் ஷாப்பைத் திறந்ததும் கடலோரத்து ஒரு கராஜ்லதான்!

நீங்க உள்ளே போய், ‘அண்ணா, ஆறடி போர்டு ஒண்ணு வேணும், கூர் மூக்கு வெச்சது’ன்னு கேட்கறீங்கன்னு வெச்சுக்குவோம். நல்ல கடைக்காரரா இருந்தா முதல்ல விலை சொல்ல மாட்டார். ‘தம்பி, எத்தனை கிளாஸ் போயிருக்கே? நீச்சல் தெரியுமா? வெயிட் என்ன? எங்கே இருந்து வர்றே?’ இப்படித்தான் ஆரம்பிப்பார். ஏதோ பொண்ணு பார்க்க வந்த மாதிரி விசாரிக்கிறாரேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த நாலு கேள்விக்குப் பதில் தெரியாம உங்களுக்கு ஏத்த போர்டை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது.

கேட்டுட்டு, ‘இப்போ வாங்காதே, இன்னும் கொஞ்ச நாள் ஸ்கூல் போர்டுலயே பழகு’ன்னு சொன்னார்னு வைங்க... அந்த அண்ணாவை விட்டுடாதீங்க. உங்க முதல் போர்டை அவர்கிட்டதான் வாங்கணும்! மாறா, கேள்வியே கேட்காம, ‘இதான் தம்பி லேட்டஸ்ட், எடுத்துக்கோ’ன்னு ரசீது புக்கைத் தேடுறவர்கிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க.

என்னைக் கேட்டா, குறைஞ்சது பத்துத் தடவையாவது வாடகை போர்டுல கடலுக்குள்ள போன பிறகுதான் பர்ஸைத் திறக்கணும். புது போர்டு விலை ஐந்து இலக்கத்துல இருக்கும். பத்துத் தடவை போனா ஆசை நிஜமா, இன்ஸ்டா போட்டோவுக்கானதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். வேற வேற அளவு போர்டுல ஏறிப் பார்த்துடலாம்ங்கிறது எக்ஸ்ட்ரா லாபம்.

லிட்டர் கணக்குல ஒரு பலகை!

இப்போ போர்டுக்கு வருவோம். டி.வி.யில சாம்பியன்கள் வெச்சிருக்கிறது ஷார்ட் போர்டு. சின்னது, மெல்லிசு, கூரான மூக்கு. பார்க்க செம ஸ்டைல். புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு அது ஆகவே ஆகாது. ஏன்னு புரிய, ஒன்பதாம் வகுப்பு அறிவியலை லேசாத் தூசு தட்டணும்.

சர்ஃப் போர்டோட பருமனை லிட்டர்ல சொல்லுவாங்க. 70 லிட்டர் போர்டை முழுசாத் தண்ணியில அமுக்கினா 70 லிட்டர் தண்ணியை ஒதுக்கும். நம்ம ஆர்க்கிமிடிஸ் கணக்குப்படி, அது கிட்டத்தட்ட 70 கிலோ எடையைத் தாங்கும். உப்புத் தண்ணிங்கிறதால இன்னும் ஒண்ணு, ஒண்ணரை கிலோ கூட. நீங்க 60 கிலோ, போர்டு ஒரு ஏழு கிலோன்னா, ரெண்டு பேரும் ஜம்முன்னு மிதக்கலாம். அதே 60 கிலோ ஆள் 25 லிட்டர் ஷார்ட் போர்டுல படுத்தா? போர்டு பாதி முங்கிடும். கையால துழாவித் துழாவித் தோள் கழண்டாலும் வேகம் வராது. வேகம் வரலைன்னா அலை உங்களைக் கண்டுக்காம அடியில் புகுந்து போயிடும். சாம்பியன்களுக்கு அந்தக் கொஞ்ச மிதப்பே போதும், ஏன்னா அவங்க தோள்ல இருக்கிறது பல வருஷ உழைப்பு.

அதனால முதல் போர்டு, எட்டு அடி பக்கம் நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், மூணு அங்குலத்துக்கு மேல தடிமன், உங்க எடையைவிடக் கூடுதலான லிட்டர். நீங்க 75 கிலோவுக்கு மேலன்னா ஒன்பது அடிக்கே போயிடுங்க, வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது, எதனால செஞ்சது? மூணு வகை பார்ப்பீங்க. பாலியூரித்தேன் ஃபோம் மேல ஃபைபர் கிளாஸும் பாலியெஸ்டர் ரெசினும் பூசினது பழைய ஸ்டைல். தெர்மாகோல் குடும்பத்தைச் சேர்ந்த இ.பி.எஸ். ஃபோம் மேல எபாக்ஸி பூசினது இன்னொண்ணு, கனம் கம்மி, கெட்டி. மூணாவதுதான் நம்ம ஆள், சாஃப்ட் டாப். உள்ளே ஃபோம், மேலே செருப்பு ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு தோல், அடியில வழவழ பிளாஸ்டிக். கண்ணை மூடிக்கிட்டு இதையே எடுங்க. சர்ஃபிங்ல படுற அடிகள்ல நிறைய, ஆளோட சொந்த போர்டு அடிச்சதுதான். கடினமான போர்டு நெத்தியில பட்டா தையல். சாஃப்ட் டாப் பட்டா ஒரு ‘அம்மா!’வோட முடிஞ்சிடும். அலை நல்லா இருக்கிற நாள்ல பெரிய பெரிய கில்லாடிகளும் ஜாலிக்கு இதை எடுத்துட்டுப் போறாங்க. அதனால ‘பச்சா போர்டு’ன்னு யாராவது சிரிச்சா கண்டுக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட்... இங்கேதான் கண்ணைத் திறக்கணும்!

ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்குப் பழசுதான் சரி. சர்ஃப் ஸ்கூல்கள்ல சீசன் முடிஞ்சு பழைய சாஃப்ட் டாப்களைத் தள்ளிவிடுறதுண்டு, சொல்லி வெச்சா கிடைக்கும்.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு ஞாபகம் இருக்கா? பராந்தக சோழன் காலத்து குடவோலைத் தேர்தல்ல யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு ஒரு பெரிய லிஸ்ட்டே இருக்கும். பதவியில இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவர் சொந்தக்காரரும் நிக்க முடியாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவ்வளவு கறாரா இருந்த ஊர்க்காரங்க நாம. ஒரு பழைய போர்டுகிட்ட கணக்குக் கேட்க மாட்டோமா?

முதல்ல தூக்குங்க. அதே அளவு இன்னொரு போர்டையும் தூக்குங்க. இது கனமா இருந்தா உள்ளே தண்ணி குடிச்சிருக்கு. லேசா ஆட்டிப் பாருங்க, சத்தம் வந்தா அப்படியே வெச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. சாஃப்ட் டாப்னா திருப்பிப் போட்டு, அடிப்பக்கம் குறுக்கே சுருக்கம் விழுந்திருக்கான்னு பாருங்க. குறுக்குச் சுருக்கம்னா உள்ளே முதுகெலும்பு முறிஞ்ச கேஸ். ஓரத்துல மேல் தோலும் அடி பிளாஸ்டிக்கும் சேர்ற இடம் பிரிஞ்சு வாய் பிளந்திருந்தாலும் யோசிக்கணும், தண்ணி போற வழி அது.

கடின போர்டுன்னா மேல்பக்கம் முழுக்கக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டே வாங்க. எங்கேயாவது பொதபொதன்னு உள்ளே போனா, கிளாஸ் ஃபோமை விட்டுப் பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். நம்ம ஊர் வெயில் செய்யற வேலை அது. மஞ்சள் பூத்திருந்தா பரவாயில்லை, வயசு. ஆனா ஒரு விரிசலைச் சுத்தி மட்டும் பழுப்பா இருந்தா, அந்த விரிசல் வழியா கடல் உள்ளே போயிட்டு வந்திருக்கு. எங்கேயாவது டேப் ஒட்டி அழகா ஸ்டிக்கர் போட்டு மறைச்சிருந்தா, ‘அண்ணா, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க’ன்னு கேளுங்க. நல்ல கடைக்காரர் நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே காட்டிடுவார்.

கடைசியா, வால் பக்கம். ஃபின் சொருகுற பெட்டி ஆடுதா, லீஷ் கட்டுற குமிழ் உறுதியா இருக்கான்னு பார்க்கணும்.

இன்னொரு விஷயம், இதைப் பல பேர் சொல்ல மாட்டாங்க. நம்ம கடலோரக் குப்பங்கள்ல இப்போ பெரும்பாலும் ஃபைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அது ரொம்பப் பெருகிடுச்சு. அதை ஒட்டுற கைதேர்ந்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. பாலியூரித்தேன் போர்டுல ஓட்டை விழுந்தா அவங்ககிட்ட கொடுக்கலாம், அதே பாலியெஸ்டர் ரெசின்தான். ஆனா இ.பி.எஸ். ஃபோம் போர்டை மட்டும் கொடுத்துடாதீங்க! பாலியெஸ்டர் ரெசின் பட்டா அந்த ஃபோம் கரைஞ்சு குழி விழுந்திடும். அதுக்கு எபாக்ஸிதான். வாங்கும்போதே ‘இது எந்த ஃபோம்?’னு கேட்டு எழுதி வெச்சுக்குங்க.

காலைக் கட்டுற கயிறு

போர்டையும் உங்க கணுக்காலையும் இணைக்கிற கயிறுதான் லீஷ். ஏறக்குறைய போர்டு நீளத்துக்கே இருக்கணும். போர்டு பழசா இருக்கலாம், லீஷ் பழசா இருக்கவே கூடாது. வெட்டோ, வெளுப்போ, முறுக்கோ தெரிஞ்சா புதுசு வாங்கிடுங்க. லீஷைப் பிரபலமாக்கினது 1971 வாக்கில் பேட் ஓ’நீல், முன்னாடி சொன்ன ஜாக் ஓ’நீலோட மகன். அப்போதைய லீஷ் வெறும் ரப்பர் குழாய், உண்டிவில் மாதிரி போர்டை முகத்துக்கே திருப்பி அடிச்சிடும். அதுலதான் ஜாக் ஓ’நீல் ஒரு கண்ணையே இழந்தார். இப்போ வர்றது அந்த அளவு இழுபடாத யூரித்தேன். இருந்தாலும் தண்ணியில இருந்து தலையைத் தூக்கும்போது ரெண்டு கையாலயும் முகத்தை மறைச்சுக்கிட்டு எழுறதுதான் இன்னைக்கும் பழக்கம்.

வேக்ஸ் வாங்கினா, வெப்ப நாட்டுக்கானதாக் கேளுங்க. குளிர் நாட்டு வேக்ஸ் நம்ம வெயில்ல நெய் மாதிரி உருகி வழிஞ்சிடும்.

சரி... வீட்டுக்கு எப்படிக் கொண்டு போறது?

எட்டு அடின்னா கிட்டத்தட்ட ரெண்டரை மீட்டர். அதைத் தூக்கிட்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க பார்க்கலாம்! கண்டக்டர் உங்களைப் பார்க்கிற பார்வையிலேயே விசில் அடிச்சிடுவார். பைக்ல ஒருத்தர் ஓட்ட, பின்னாடி ஒருத்தர் போர்டைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு உட்காரலாம்னு சில மேதாவிகள் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். எதிர்ல லாரி போனா அந்தக் காத்துக்கே ரெண்டு பேரும் ரோட்டோரம் கிடப்பீங்க.

அதனால போர்டை வாங்கின இடத்துலயே விட்டு வைக்க முடியுமான்னு கேளுங்க. மாசத்துக்கு ஏதாவது வாடகை சொல்லுவாங்க. நம்ம மாதிரி உள்நாட்டு ஆட்களுக்கு நூறு ரூபாய் விலைக் குறைப்பைவிட இந்த ஒரு சலுகைதான் பெருசு. வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்கன்னா ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில, பூட்டின காருக்குள்ள வைக்காதீங்க, சூட்டுல மேல்தோல் உப்பிடும். கூடத்துல படுக்க வெச்சா, கோடையில பாட்டி அது மேல வத்தல் காயப் போட்டுடப் போறாங்க, ஜாக்கிரதை!

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு போர்டு வாங்குற ஐடியா? நல்ல ஐடியாதான். ஆனா லிட்டர் கணக்கை உங்க கூட்டத்துல கனமான ஆளை வெச்சுப் போடுங்க. உடைச்சவன் சரி பண்ணணும்ங்கிறதை முதல் நாளே பேசிடுங்க. காலேஜ் முடிஞ்சு ஆளுக்கொரு ஊர் போகும்போது போர்டு யாருக்குங்கிறதையும்தான்!

ஏரியில பழகலாமான்னு கேட்கறீங்க. படுத்துக்கிட்டு துழாவுற பழக்கத்துக்கு ஏரி சூப்பர். தோள் பலம் ஏறும். மதகு பக்கம் மட்டும் போகாதீங்க, தனியா இறங்காதீங்க. கரையில இருக்கிற வேலிகாத்தான் முள் சாஃப்ட் டாப்புக்கு முதல் எதிரி.

கிணத்து நீச்சல் பத்தாது, பாஸ்!

இது கொஞ்சம் சீரியஸ். ‘எங்க ஊர்க் கிணத்துல தலைகீழாக் குதிப்பேன்’னு சொல்ற ஆளா நீங்க? கிணத்துல எந்தப் பக்கம் போனாலும் அஞ்சாறு கை வீச்சுல சுவர் வந்துடும். கடல்ல சுவர் கிடையாது. இந்தக் கடற்கரையில வருஷா வருஷம் அலை இழுத்துட்டுப் போறவங்கள்ல காலேஜ் பசங்க எத்தனை பேர்னு பேப்பர் படிக்கிற உங்களுக்கே தெரியும். அதுல நீச்சல் தெரிஞ்சவங்களும் உண்டு.

கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு வழி தேடும். அலை உடையாம, ரெண்டு பக்கமும் நுரை இருந்து நடுவுல மட்டும் அமைதியாத் தெரியுற பாதை பல நேரம் அதுதான். புதுசா வர்றவங்க ‘இங்கே அலையே இல்லை, சேஃப்’னு நினைச்சு அங்கேதான் இறங்குவாங்க! அதுல சிக்கினா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க, கை சோர்ந்திடும். போர்டை விடவே விடாதீங்க, உங்களுக்கு அதுதான் மிதவை. அது மேல படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டுல துழாவி வெளியே வாங்க, கையைத் தூக்கி ஆள் கூப்பிடுங்க.

கடைக்கார அண்ணாவோட நட்பு பணத்தைவிட இங்கேதான் உதவும். அவர் அந்தக் கரையில பிறந்தவர். எந்த இடத்துல பாறை, எந்த இடத்துல இழுப்பு, இன்னைக்கு இறங்கலாமா கூடாதான்னு ஒரு பார்வையில சொல்லிடுவார். மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் ஓரம் அலை அழகா இருக்கும், அடியில பாறையும் இருக்கும். அது உங்களுக்கான இடம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்துல புயல் சின்னம், பெரிய அலைன்னு கடல் வேற முகம் காட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவா அலை சின்னது, அதுதான் உங்க சீசன். அவர் ‘இன்னைக்கு வேண்டாம் தம்பி’ன்னா, ஒரு டீ குடிச்சுட்டு பஸ் ஏறிடுங்க.

போறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி மூணே கேள்வி கேளுங்க. பழைய சாஃப்ட் டாப் எட்டு அடி இருக்கா? வாங்குறதுக்கு முன்னாடி அதையே ஒரு மணி நேரம் கடல்ல ஓட்டிப் பார்க்கலாமா? ஆறு மாசம் கழிச்சு சின்ன போர்டுக்கு மாறணும்னா இதைத் திருப்பி எடுத்துப்பீங்களா? ரெண்டாவது கேள்விக்கு ‘தாராளமா’ன்னு பதில் வந்தா கிளம்பிடலாம்.

ஆனா ஒண்ணு. கடல் காத்து எழறதுக்கு முன்னாடி, விடியற்காலையிலதான் அலை வழவழன்னு இருக்கும். பதினோரு மணிக்கு மேல காத்து கலைச்சுடும். உத்திரமேரூர்ல காலையில பஸ் பிடிச்சு, செங்கல்பட்டுல மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நேரம் போயிடும். மாமல்லபுரம் பக்கத்துல இருக்கிற கிளாஸ்மேட் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்க வீட்டுத் திண்ணையில ஒரு பாய் கிடைச்சா போதும்!